பூச்சு போட்ட சிலிண்டர்

ஏப்ரல் 4, வெள்ளி

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: கணபதியில் உள்ள தண்டபாணி மாமா பட்டறையின் டீ பிளாஸ்க் மூடி, பதினோரு ஆண்டுகள் அயராது திருகப்பட்டு, இன்று காலை 10.40 மணிக்கு மரை தேய்ந்து இயற்கை எய்தியது. அன்னாருக்கு ஒரு பிளாஸ்க்கும் ஆறு எவர்சில்வர் டம்ளர்களும் உள்ளனர். நல்லடக்கம் பழைய இரும்புத் தொட்டியில் நடந்தது. பிளாஸ்டிக் என்பதால் இரும்புகளுக்கு இதில் ஆட்சேபம் இருந்திருக்கலாம்.

கண்ணீருடன்: லோகித், வயது 17, பிளஸ் டூ பரீட்சையை முடித்துவிட்டு ரிசல்ட் என்னை முடிக்கும்வரை காத்திருப்பவன்.

பட்டறையில் என் பதவி பெரியது. வருகிற பைக் எஞ்சின் சிலிண்டரை முதலில் தொடுவது நான்தான். உள்சுவரில் காந்தத்தை வைப்பேன். ஒட்டினால் உள்ளே இரும்பு உறை, அதாவது ஸ்லீவ்; சும்மா விடலாம். ஒட்டாவிட்டால் அலுமினியத்தின் மேல் நிக்கல் பூச்சு. வெளியே சாக்பீஸால் ‘பூ’ என்று எழுதவேண்டும். பூச்சுக்கு முதல் எழுத்து. எனக்குப் பின்னால் யாரும் காந்தம் வைப்பதில்லை. பூ இருந்தால் பூச்சு, இல்லாவிட்டால் இரும்பு. மொத்தப் பட்டறையும் என் ஓர் எழுத்தை நம்பி ஓடுகிறது.

அந்த ஓர் எழுத்து எவ்வளவு தனிமையாக நிற்கிறது என்று பார்த்தால் பாவமாக இருக்கும். அதனால் துணைக்கு ஆள் சேர்க்கிறேன். இந்த வாரம் பூரி, பூசணி, பூனை, பூகம்பம். ‘பூரி’ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து லேத் ஓட்டும் மாசிலாமணி அண்ணன், “கிழங்கு எங்கடா?” என்று கேட்டார். என் ரசிகர் மன்றத் தலைவர்.

ஏப்ரல் 5, சனி

எங்கள் பட்டறை ஜெனி அக்கா ஹோனிங் செய்வதை, அதாவது சிலிண்டரின் உள்சுவரைத் தேய்த்துச் சீராக்குவதை, ஒரு மணி நேரம் பார்த்தேன். (வேலை இல்லாததால். ஆர்வம் என்று யாரும் தவறாக எண்ணவேண்டாம்.) ஜெனிட்டா என்பது முழுப்பெயர். டிப்ளமா படித்தவர். ரேஸ் ஓட்டுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ இவர் கையைத் தேடி வருகிறார்கள்.

இரும்பு ஸ்லீவ் என்றால் சாதாரணக் கல் ஹோன். சரசரவென்று தேய்த்து, சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி மாதிரி கோடுகள் போடவேண்டும். எண்ணெய் தங்குவதற்கு அந்தக் கோடுகள்தான் இடம். பூச்சு போட்டது என்றால் வைர ஹோன், அதுவும் பூனை நக்குவது போல நாலைந்து தடவை. பூச்சின் கனம் ஒரு தலைமுடி அளவுதான். அப்புறம் சுடுதண்ணீர், சோப்பு, வெள்ளைத் துணி. துணியில் சாம்பல் நிறம் வராதவரைக்கும் கழுவவேண்டும்.

“பூச்சு மேல சாதாக் கல்லப் போட்டா என்னாகும்க்கா?”

“கல்லு கத்தும்.”

“கத்தினா?”

“ஓரத்துல பேந்துக்கும். மொதல்ல கண்ணுக்குத் தெரியாது. வண்டி ஓடி சூடானதும் செதில் செதிலாக் கெளம்பி பிஸ்டனுக்கும் செவுத்துக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும். அப்பறம் எஞ்சின் ஒரே பிடி.”

‘கல்’ என்றால் படி என்றும் பொருள். நான் இரண்டையும் தொடுவதில்லை என்றேன். அக்கா வெள்ளைத் துணியாலேயே அடித்தார்.

ஏப்ரல் 9, புதன்

காலையிலிருந்து கரண்ட் வந்து வந்து போகிறது. மின்சாரத்துக்கும் எனக்கும் ஒரே குணம் என்கிறார் மாமா.

ஒரே மாதிரி நாலு டூ ஸ்ட்ரோக் சிலிண்டர்கள் வந்தன. மூன்று இரும்பு, ஒன்று பூச்சு. பூச்சு போட்டது விஷாகன் அண்ணனுடையது. ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் பழக ஓட்டப்போகிறாராம். எழுதவேண்டியதை எழுதிவிட்டு, பக்கத்தில் வழக்கம்போல் ஒரு சின்ன இலக்கியப் பணி செய்தேன். இதுவரை செய்ததில் இதுதான் சிறந்தது. ஜெனி அக்காவுக்குத்தான் ரசனை போதவில்லை.

“ஞாயித்துக்கெழம ஓட்டற வண்டிடா இது. என்ன எழவ எழுதி வெச்சிருக்கே?” மண்ணெண்ணெய்த் துணியால் மொத்தமாகத் துடைத்தார். “காஞ்சதும் ஒழுங்கா எழுது.”

“சரிங்க்கா.”

அப்போது கரண்ட் போயிற்று. டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கரண்ட் வந்து, போய், மறுபடி வந்து, நாலு சிலிண்டரும் முடிந்து சோப்புத் தண்ணீரில் கிடந்தன. அக்கா வேகம்.

ஏப்ரல் 10, வியாழன்

விஷாகன் அண்ணன் வந்து சிலிண்டரை வாங்கிப் போனார். இருபத்து மூன்று வயது, பேசினால் காற்று மாதிரி மெதுவாகப் பேசுவார், ஓட்டினால் புயல். உள்சுவரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “அக்கா கை பட்டா கண்ணாடிதாங்க” என்றார். அக்கா சிரித்தார். பிறகு அக்கா என்னிடம், “ஏண்டா தம்பி, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது?” என்று கேட்டார்.

வயிறு சரியில்லை என்றேன். வயிறு சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

விஷாகன் அண்ணன் விழுந்துவிட்டாராம்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. அம்மா பாயசம் வைத்தாள். மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ போட்டிருந்தாள். தட்டில் பூவைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

மாமா வந்து சொன்னார். நேர் பாதையில், முழு வேகத்தில், எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. முட்டி முன்போல மடங்குமா என்று டாக்டர் சொல்லவில்லையாம்.

‘எஞ்சினுக்குப் பிஸ்டனைப் பிடித்துவிட்டது.’ இந்த வாக்கியத்தில் ஒரு சிலேடை இருக்கிறது. அதை நான் தேடிப் போகவில்லை. எழுதும்போது தானாக வந்தது. அடித்துவிட்டால் பக்கம் அசிங்கமாகும் என்று விட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

சிலிண்டர் திரும்பி வந்தது. விஷாகன் அண்ணனின் நண்பர் ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு, சாக்கை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருக்கலாம்.

உள்ளே துவாரங்களின் ஓரமெல்லாம் பூச்சு பேர்ந்து, பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது போல இருந்தது. ஜெனி அக்கா உள்ளே விரலை விட்டு, நகத்தால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு விரலை வெளியே எடுக்கவே இல்லை. அப்படியே நின்றார்.

“கல்லு கத்துச்சுங்ணா,” என்றார் மாமாவிடம். “மூணாவது சிலிண்டர் போடறப்ப. நான் கேட்டேன். கரண்ட் போயிருமேன்னு கொஞ்சம் எண்ணெய ஊத்திட்டு ஓட்டினேன். நிறுத்தல.”

“மார்க் இருந்துச்சா, இல்லியா?”

“ஒருக்கா நாந்தான் தொடச்சேன். அப்பறம் தம்பி எழுதியிருப்பான். மறுபடி கைத்துணி பட்டு அழிஞ்சுதா, பாக்காமயே எடுத்தனா... ஞாபகமே வரமாட்டேங்குதுங்ணா.”

மாமா என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். அதோடு விசாரணை முடிந்தது.

சிலிண்டரை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஜன்னல் ஓர அலமாரியில், வாயைத் திறந்துகொண்டு, என் மேஜையைப் பார்த்தபடி இருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

பட்டறை சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஜெனி அக்கா ஹோனிங் மெஷின் பக்கம் போவதில்லை. வால்வு உரசுவது, கேஸ்கட் வெட்டுவது என்று எதையாவது செய்கிறார். வந்த வேலையையெல்லாம் மாமா வேறு பட்டறைக்கு அனுப்புகிறார். இந்த நிலையில் சமுதாயத்துக்கு ஒரு கலைஞனின் தேவை இருக்கிறது.

கண்டுபிடிப்பு: கட்டை விரலை ஈரமாக்கி, மேஜைக்குப் பக்கத்துக் கண்ணாடித் தடுப்பின் கீழ் ஓரத்தில் அழுத்தி இழுத்தால் கீ...ச் என்று ஒரு சத்தம் வரும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. கை மேஜைக்குக் கீழே, முகம் புத்தர்.

முதல் காட்சி, காலை பதினொன்று. மாசிலாமணி அண்ணன் லேத்தை நிறுத்திவிட்டு, “என்றா சத்தம் அது?” என்றார்.

நான் அலமாரியைப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான். மீதியை அவரே செய்துகொண்டார்.

பேய் செய்தது என்றாகிவிட்டால் மனுஷர் யாரும் செய்யவில்லை என்றாகிவிடும். எல்லாருக்கும் நல்லதுதானே. அக்காவுக்கும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாபெரும் வெற்றி. மூன்று நாளில் ஒன்பது காட்சிகள். மாசிலாமணி அண்ணன் சிலிண்டருக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சையை அறுத்து, மிளகாய் கட்டிவிட்டார். “அந்தப் பய ரத்தம் பட்ட சாமான், சும்மா இருக்குமா?” என்கிறார். மாமாவே மதியம் அந்தப் பக்கம் போகாமல் சுற்றி வந்து சாப்பிட்டார். ஒரே ஒரு கட்டை விரலால் ஒரு பட்டறையையே ஆட்டி வைக்கிறேன். மாவட்டத்தில் எனக்கு நிகர் யாரும் இல்லை. பேய் என்னைப் பார்த்துத்தான் பயப்படவேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

காலையில் அம்மா அடிப்பிடித்த குண்டாவைக் கம்பி நாரால் தேய்த்தாள். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். “சோறு மட்டும் வேணும், தேய்க்கிற சத்தம் ஆகாதா தொரைக்கு?” என்றாள்.

காந்திபுரம் பஸ் பிரேக் போட்டபோது அதே சத்தம். ஏ.டி.எம். கதவு. எதிர்வீட்டுக் குழந்தையின் மூன்று சக்கர வண்டி. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது யாரோ சிமெண்டுத் தரையில் பெஞ்சை இழுத்தார்கள்.

என் கட்டை விரல் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. காய்ந்துதான் இருந்தது.

ஏப்ரல் 26, சனி

இன்று பகல் பட்டறையில் நானும் ஜெனி அக்காவும் மட்டும். பத்தாவது காட்சி போட்டேன். பழக்கதோஷம்.

அக்கா கையில் இருந்த வால்வைக் கீழே வைத்தார்.

“உனக்கும் கேட்டுதாடா?”

“எ... என்னதுங்க்கா?”

“அந்த சத்தம்.” பக்கத்தில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன். இவங்க பேய்ங்கறாங்க. பேயெல்லாம் இல்ல. அது கல்லு கத்தறது. வூட்ல கேக்குது, சர்ச்சுல பாட்டுக்கு நடுவுல கேக்குது. நிறுத்து, நிறுத்துன்னு சொல்ற மாதிரியே இருக்குது. போன வாரம் டாக்டர்கிட்டப் போயி காத டெஸ்ட் பண்ணேன்.”

நான் விரலைக் கால்சட்டையில் துடைத்தேன். நிறைய நேரம் துடைத்தேன்.

“இனி என்னால மெஷின் பக்கம் நிக்க முடியாது லோகித். அண்ணாகிட்ட சொல்லிட்டேன். முப்பதாந்தேதி கடைசி. சித்தி பையன் சூப்பர் மார்க்கெட்ல பில் போடறதுக்கு ஆள் கேட்டான்.”

“பில்லு போடறதா? நீங்களா?”

“அங்க எது தப்பாப் போனாலும் யாரு காலும் ஒடியாது.”

சிரித்தார். அதைப் பார்த்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்டதுதான் இருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

சரி.

ஒன்பதாம் தேதி நான் எழுதியது ‘பூதம்’. பூ-வுக்குப் பக்கத்தில் ‘தம்’. அக்கா துடைத்தார். காய்ந்ததும் எழுதச் சொன்னார். எழுதவில்லை. பதினாறாம் தேதி மாமா கேட்ட கேள்வி, “திரும்ப எழுதினியாடா?” நான் சொன்ன பதில், “எழுதினனே மாமா.”

அந்த ஒரு சொல்லால்தான் அக்கா தன் ஞாபகத்தையே சந்தேகிக்கிறார். எழுதியது அழிந்ததா, பார்க்காமல் எடுத்தேனா என்று இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் நான் பேய் வேறு விட்டேன்.

நாளை சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய நாள். காலை சரியாகப் பத்து மணிக்குப் பட்டறையின் நடுவில் போய் நின்றேன். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. எல்லாரையும் அழைத்தேன். கணீரென்ற குரலில், ஒரு வார்த்தை தடுமாறாமல், நடந்தது அனைத்தையும் சொன்னேன். பட்டறையே உறைந்து நின்றது. ஜெனி அக்கா கண் கலங்கினார். “அழாதீங்க்கா, தப்பு என்னோடது” என்று ஆறுதல் சொன்னேன். மாமா என் தைரியத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கிற ஆள் நான் இல்லை.

ஏப்ரல் 30, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். பத்து மணி என்பது மட்டும் உண்மை.

நான் பட்டறைக்குள் போகவே இல்லை. எதிரில் இருக்கும் பஸ் நிறுத்தத்தில், விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்று, அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. உள்ளே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, அன்னிக்கு நான் திரும்ப எழுதல.”

“என்னது? காதுல விழல. சத்தமாச் சொல்லு.”

“நான் திரும்ப எழுதலைங்க்கா!”

“எதை எழுதல? பரீட்சையா?”

“பூ! பூ எழுதல! விஷாகண்ணன் சிலிண்டர்ல! மாமாகிட்டப் பொய் சொன்னேன்!”

தொண்டை கிழியக் கத்தினேன். காற்று நிரம்பி கம்ப்ரஸர் தானாக நின்ற நொடி அது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அக்கா கேட்டார்: “எங்கடா இருக்கே?”

“மேட்டுப்பாளையத்துலங்க்கா.”

“திரும்பிப் பாரு.”

ஷட்டருக்குக் கீழே அக்கா, மாமா, மாசிலாமணி அண்ணன் மூவரும் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை ஆட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்காதான் சாலையைக் கடந்து வந்தார். அழுதது அவர் இல்லை, நான். மூக்கு ஒழுகி, பேச்சு பாதி வெளியே பாதி உள்ளே. மாமா வாயடைத்துப் போனது உண்மை. தைரியத்தைப் பார்த்து இல்லை. இன்றும் அவர் என்னிடம் பேசவில்லை.

“நீ எழுதாதது உன்ற தப்பு. எழுதினேன்னு சொன்னது அதவிடப் பெரிசு,” என்றார் அக்கா. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். “கல்லு கத்தினதுக்கப்பறமும் ஓட்டினது என்ற தப்பு. அத நீ எடுத்துக்காதே. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கவும் கூடாது.”

“அந்த சத்தமும் நாந்தாங்க்கா. கண்ணாடில.”

அக்கா என்னை உள்ளே கூட்டிப்போய்த் தடுப்புக்கு முன்னால் நிறுத்தினார். “செய்யி.”

விரலை நனைத்து இழுத்தேன். மாசிலாமணி அண்ணன், “அடப்பாவி, எலுமிச்சங்கா மட்டும் எத்தனை வாங்கினேன்,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, நன்றாகக் கேட்டார்.

“இன்னொருக்கா.”

இழுத்தேன்.

“இது இல்லடா,” என்றார். “இது வெறும் கண்ணாடி. எனக்குக் கேக்கறது இன்னும் கனமா இருக்கும்.”

வேலையை விட்டுப் போகிறீர்களா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் விஷாகன் அண்ணனிடம் அவரவர் பங்கைச் சொல்லப் போகிறோம், அதற்குப் பிறகு கேள் என்றார். இன்று கடைசி நாள் என்று சொல்லியிருந்தார். சாயங்காலம் கிளம்பும்போது தன் வைர ஹோனை எடுத்துப் போகவில்லை. மறந்தாரா, விட்டுப் போனாரா தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. இருக்கிறது என்று இனி எழுதமாட்டேன்.

நேற்று எழுதியதில் இன்னொரு வரி மிச்சம் இருக்கிறது. ஒன்றையும் மறைக்கவில்லை என்பது. அக்கா சொன்ன அந்தக் கனமான சத்தம் எனக்கும் கேட்கிறது. எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், ஏனென்றால் ஒன்பதாம் தேதி நானும் அதைக் கேட்டேன். டீக்கடை வரைக்கும் கேட்டது. எந்த சிலிண்டர் கத்துகிறது என்று தெரியும் என்றால் பொய்யாக இருக்கலாம். தெரியாது என்றால் அதைவிடப் பெரிய பொய். பட்டறை இருபது அடி தூரம். ஓடியிருந்தால் பாதியில் நிறுத்தியிருக்கலாம்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டும்.

அன்று நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு பஜ்ஜி சொன்னேன்.